நங்கூரம் எடுக்க வேண்டிய சீட்டு

அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழ்கிற அத்தனை லட்சம் பேரில், படகு வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குள் நுழைந்த ஒரே மனிதர் நங்கூரம்தான். வேறு யாராவது அப்படிப் போயிருந்தால் எழுதித் தெரிவிக்கலாம். நான் நம்ப மாட்டேன்.

மண்ணூர்பேட்டையில் நாங்கள் முன்பு குடியிருந்த அடுக்குமாடியில் அவர் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தார். பம்பு கம்பெனியில் ஃபிட்டர். அவருடைய இயற்பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கரண்ட் பில்லைப் பார்க்கலாம் என்றால் அதுவும் வீட்டுக்காரர் பெயரில்தான் வரும்.

அவரிடம் பைக் கிடையாது. சைக்கிளும் கிடையாது. ஒருநாள் மாலை பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கப்பல் நங்கூரத்தை எடை போட்டு வாங்கி, ஆட்டோவில் ஏற்றி வந்து, தமக்கு ஒதுக்கிய ஒன்பதாம் எண் பார்க்கிங்கில் நட்டநடுவே வைத்தார். நாற்பத்தொரு கிலோ. வண்டி மட்டும்தான் நிறுத்தலாம் என்று அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் சண்டைக்குப் போனார்.

"வண்டி வந்துகினு கீது சார். பிரேக்கு மட்டும் முன்னாடி வந்துட்ச்சி" என்றார் இவர். அன்றிலிருந்து அந்தப் பெயர்.

பழவேற்காட்டில் ஒரு இறால் பண்ணைக்கு மோட்டார் சரிபார்க்கப் போன இடத்தில்தான் அவர் அந்தப் படகைப் பார்த்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் கொட்டகையில் கிடந்த, பத்தொன்பது அடி நீளத் தேக்குப் பாய்மரப் படகு. விலை ஒன்றேமுக்கால் லட்சம். மாதக் கடைசிக்குள் பணம் வராவிட்டால் கதவு செய்ய மரம் தேடுகிற ஆசாரி ஒருவருக்கு அதை அறுக்கக் கொடுத்துவிடுவேன் என்று பெரியவர் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு எங்கள் கட்டடத்தில் வேறு பேச்சு கிடையாது. மாலையில் எல்லோரும் நங்கூரத்தைச் சுற்றி நின்று அவர் கைப்பேசியில் படகின் படம் பார்த்தார்கள். மொட்டை மாடிக் கொடிக்கயிற்றில் அவர் மாலுமி முடிச்சுப் பழகினார். அதை யாராலும் அவிழ்க்க முடியாமல், ஈரத்துணியோடு கயிற்றை அரிவாள்மணையால் அறுத்தார்கள். அறுத்தவர்களும் சிரித்துக்கொண்டேதான் அறுத்தார்கள். என் மனைவி சுமதி துணி துவைக்கும் முன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, இன்னைக்குக் காத்து எப்படி?" என்று கேட்பாள். அவர் விரலை நக்கி வானத்தில் நீட்டி, "தெக்கால கீதும்மா, தைரியமா தொவை" என்பார். பதினெட்டு வருடத்தில் காற்றைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எனக்குப் பொறாமை. அதைச் சுற்றி வளைக்காமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

படிவங்கள் நிரப்ப நான்தான் லாயக்கு என்று வங்கிக்கு என்னையும் அழைத்துப் போனார். அதே கிளையில் வாங்கிய வீட்டுக் கடனை எட்டு மாதம் முன்னதாகவே கட்டி முடித்தவன் நான். கட்டி முடித்த அன்றைக்குக்கூட அந்த மேலாளர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இவரிடமோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"எந்த வருஷ மாடல்ங்க?"

"என்னிய விட நாலு வயசு பெரிசு சார். ஆனா என்னிய மாரி முட்டி வலில்லாம் கெடையாது."

"பழசுன்னா மதிப்பு குறைஞ்சுடுமே?"

"தேக்கு சார். பழசாவ பழசாவத்தான் வெல ஏறும். ஒங்க காருக்கு அப்டி ஏறுமா, சொல்லு?"

"மீனவரா இருந்தா புதுப் படகுக்கு ஒரு திட்டம் இருக்கு. நீங்க மீனவரா?"

"மீன் துன்னுவேன் சார்."

கடன் கிடைக்கவில்லை. டீ கிடைத்தது. எனக்கும் ஒன்று வந்தது, அவரோடு வந்த ஆள் என்பதால். பிறகு கைப்பேசியில் கடன் தருகிற ஒரு கம்பெனியில் பேசிப் பார்த்தார். அங்கே போனை எடுத்த பெண் முக்கால் மணி நேரம் கதை கேட்டுவிட்டு, "லோன் வராது அங்கிள், போட்டோ மட்டும் அனுப்புங்க" என்றாளாம்.

மிச்சம் இருந்தது மூன்றாம் மாடி செல்வி அக்கா நடத்திய ஏலச்சீட்டு. இருபது பேர், ஆளுக்கு மாதம் பத்தாயிரம், மொத்தம் இரண்டு லட்சம். யார் அதிகமாகத் தள்ளிக் கேட்கிறார்களோ அவர்களுக்கு அந்த மாதப் பணம், தள்ளியது போக. பத்தாயிரத்துக்குக் குறையாமல் தள்ள வேண்டும். அது அக்காவின் கமிஷன். ஒருவர் வீட்டில் கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் மற்றவர்கள் வாயைத் திறக்காமல் விட்டுவிடுவது எங்கள் வழக்கம். படகையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார் அக்கா. "இந்த மாசம் அண்ணன் எடுக்கட்டும், யாரும் ஏத்தாதீங்கப்பா" என்று வீடு வீடாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். இருபத்தைந்தாயிரம் வரை தள்ளினாலும் கைக்கு வருவது படகு விலைக்குக் குறையாது என்று நங்கூரத்துக்குத் தாளில் எழுதிக் கொடுத்தவனும் நானே.

ஏலத்தன்று அக்காவின் கூடத்தில் கல்யாண வீட்டுக் கூட்டம். நங்கூரம் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். "பத்து" என்றார். எல்லோரும் சிரித்தபடி சும்மா இருந்தார்கள். சுமதி கை தட்டவே தயாராக இருந்தாள். அக்கா, "பத்தாயிரம் ஒரு தரம்… ரெண்டு தரம்…" என்றார்.

"பதினொண்ணு" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று நானும் திரும்பிப் பார்த்தேன். என் குரல்தான்.

அவர் என்னைப் பார்த்து, "பன்னெண்டு" என்றார். நான் பதிமூன்று. அவர் பதினாலு. நான் பதினைந்து. அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு மெதுவாக, "பதினாறு" என்றார். "பதினேழு" என்றேன். இன்னும் எட்டாயிரம் அவர் ஏறலாம். ஏறவில்லை. "சாரே எடுத்துக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சுமதி கேட்ட கேள்விகளை எழுத இந்தப் பக்கம் போதாது. பாதியில் காலிங் பெல் அடித்தது. முதல் மாடிக்காரர், கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். "மனசை விட்டுடாதீங்க சார். இப்பல்லாம் எல்லாத்துக்கும் மருந்து இருக்கு." அவர் பின்னாலேயே ஆப்பிள் வந்தது. சாத்துக்குடி வந்தது. பதினேழாயிரம் தள்ளிச் சீட்டு எடுக்கிறவனுக்கு உடம்பில் பெரிதாக ஏதோ என்று கட்டடமே முடிவு கட்டியிருந்தது. செயலாளர் என் காலைக் குனிந்து பார்த்து, "வீக்கம் இருக்கா?" என்றார்.

கடைசியில் நங்கூரம் வந்தார். படகுக்கு வண்ணம் அடிக்கச் சேர்த்திருந்த பன்னிரண்டாயிரத்தை மஞ்சள் பையோடு என் மடியில் வைத்தார்.

"டாக்டரு இன்னா சொன்னாரு சார்?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

"எங்க மாமாவும் அப்டித்தான் சொல்லிகினு இருந்தாரு. மூணே மாசம்."

"நிஜமாவே ஒண்ணும் இல்லை!"

"அப்ப எதுக்கு சார் ஏத்துனீங்க? ஒங்க மூஞ்சப் பாத்து பயந்துல்ல உட்டுட்டேன்!"

சுமதி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை. "பொறாமைங்க. உங்க மேல" என்றேன்.

அவர் திகைத்துப் போனார். "என் மேலயா? வாடகை ஊட்ல கீறேன். ஒரு சைக்கிள் கூட இல்ல. இன்னாத்துக்கு சார்?"

"இவ்வளவு ஆசைப்படுறீங்களே, அதுக்கு."

தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அட, போ சார்! மொதல்லியே வாயத் தொறந்து சொல்லிருந்தா ரெண்டு பேருமா சேந்து ஆசப்பட்டிருப்போம்ல!"

சுமதி அன்றைக்கே பஞ்சாயத்தை முடித்தாள். நான் எடுத்த இந்த மாதச் சீட்டு அவருக்கு, இன்னும் எடுக்காத அவர் சீட்டு எனக்கு. நான் ஏற்றிவிட்ட ஏழாயிரம் என் தலையில். செல்வி அக்கா ஒப்புக்கொண்டார். ஹார்லிக்ஸைத் திருப்பிக் கேட்கலாமா என்று முதல் மாடிக்காரர் இரண்டு நாள் தயங்கிக்கொண்டு நடந்தார். அதற்குள் சுமதி பாதியைக் குடித்திருந்தாள்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது படகு அவருடையதானது. இன்று அது பழவேற்காட்டு ஏரியில் மிதக்கிறது. நாங்கள் திருநின்றவூருக்குக் குடிமாறி வந்துவிட்டோம். ஆனாலும் ஞாயிறு விடியற்காலையில் கிளம்பி, மூன்று வண்டி மாறி நான் அங்கே போய்விடுகிறேன். பழைய கட்டடத்து ஆட்களும் வருவார்கள். கயிற்றை எப்படிப் பிடிப்பது, பாயை எப்போது தளர்த்துவது என்று எல்லோருக்கும் ஒரே அக்கறையோடு நங்கூரம் சொல்லிக் கொடுப்பார்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. கரையில் நிற்கிறவர்களில் வேறு யாரையாவது அவர் முதலில் கைகொடுத்துப் படகில் ஏற்றிவிட்டால், அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.