பதினோரு உருப்படிகளும் பத்திரமாகக் கரை சேர்ந்தன

எதையும் மறக்காதவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எனக்கு வைத்தவனும் நான்தான். மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. பட்டியலைப் பார்த்து டிக் போடுவதே பிழைப்பு. வீட்டிலும் அப்படித்தான். எங்கே புறப்பட்டாலும் பட்டியல் உண்டு (பட்டியல் எழுதிய பேனாவும் அதில் ஓர் உருப்படி).

என் மாமியார் ஒன்றரை வருஷம் எங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்து போய்ச் சேர்ந்தார். அத்தனை நாளும் உள்ளறையிலிருந்து "கலா" என்று குரல் வரும். என் மனைவி ஓடுவாள். காரியமெல்லாம் முடிந்தது. அவள் அழவில்லை. அரிசி களையும்போது திடீரென்று நின்று, யாரோ கூப்பிட்டதுபோல உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். ஒருநாள் சொன்னாள்:

"ஏங்க, எங்கியாவது போய் சும்மா உக்காந்துகினு இருக்கணும். யாரும் கூப்புடக் கூடாது. ஒரு நாள் போதும்."

அவள் எதையும் கேட்டுப் பழகாதவள். அதனால் இதைக் குறையில்லாமல் செய்து முடிப்பதென்று தீர்மானித்தேன். (கோளாறு இங்கேதான் ஆரம்பம்.)

செய்யூர்ப் பக்கம் கழிமுகத்தில் ஒரு சின்னத் தீவு. படகில் பத்து நிமிஷம். சவுக்குத் தோப்புக்குள் ஒரு பூங்கா, மூன்று நடைபாதைகள். வரைபடத்தைப் பார்த்து டைரியில் நேரம் பிரித்து எழுதினேன். 9.40, முதல் பாதை. 10.15, பறவை பார்க்கும் மேடை. பிறகு மற்ற இரண்டு பாதைகள். "சும்மா உட்காருதல்" 11.20 முதல் 11.35 வரை.

ஐப்பசி மாதம். வானம் காலையிலேயே இருண்டு கிடந்தது. பத்து மணிக்கே கலா ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"கலா, உக்கார்றது 11.20க்குத்தான்."

எழுந்து வந்தாள். கலா, அங்க பாரு நாரை. கலா, படி வழுக்கும். கலா, தண்ணி குடி. பிற்பாடு எண்ணிப் பார்த்தேன்: முதல் பாதையில் மட்டும் பதினேழு முறை கூப்பிட்டிருக்கிறேன்.

மேடையிலிருந்து இறங்கியதும், கழிமுகத்தைப் பார்த்தாற்போல் இருந்த ஒரு நிழற்குடைக்குள் போய் உட்கார்ந்தாள். "நான் வரல. நீங்க பாத்துட்டு வாங்க."

பாதிப் பட்டியலோடு திரும்புவது என் ரத்தத்தில் இல்லை. பைகளைத் தூக்கிக்கொண்டு மற்ற இரண்டு பாதைகளையும் முடித்தேன். மூன்றாவது பாதை படகுத்துறையில் போய் முடிந்தது. அங்கே மழை பிடித்துக்கொண்டது.

"ஏறு சார், ஏறு! இத வுட்டா அடுத்த ட்ரிப்பு எப்பன்னு சொல்ல முடியாது!" என்று படகுக்காரர் கத்தினார். எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். உட்கார்ந்ததும் கை தானாகப் பட்டியலை எடுத்து, பையிலிருந்த உருப்படிகளுக்கு டிக் போட்டது.

"சார், உங்க ஆளுங்க ஏறியாச்சா?"

தலை நிமிராமல் சொன்னேன்: "பதினொண்ணும் சரி."

பாதித் தண்ணீரில் குடையை விரித்து, இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் இடப்பக்கம் சாய்த்தேன். அதன் கீழிருந்து முன்பின் தெரியாத ஓர் அம்மாள், "ரொம்ப நன்றிங்க" என்றார்.

"திருப்புங்க! என் வொய்ஃப்!"

"இந்த மழையிலயா? எல்லாரையும் எறக்கி வுட்டுட்டுதான்."

கரையில் நின்று அவள் கைப்பேசிக்கு அடித்தேன். என் பைக்குள்ளேயே மணி அடித்தது. அதுதான் ஏழாவது உருப்படி.

மழை விட நாற்பது நிமிஷமானது. போகும் வழியெல்லாம் படகுக்காரர் விடவில்லை. "டப்பா, பாட்டிலு எல்லாம் கரீட்டா எண்ணிகினு இருந்தியே சார், அம்மாவ எண்ணலியா?"

கலா அதே இடத்தில் இருந்தாள். கண்கள் சிவந்து, முகமெல்லாம் ஈரம். மழையில் நனைந்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தேன்: புடவை காய்ந்திருந்தது.

"பயந்துட்டியா?"

"இல்ல. போட்டு போறத பாத்துகினுதான் இருந்தேன்."

"கூப்பிட்டிருக்கலாமே! நானும் திரும்பிப் பார்த்திருப்பேன்."

"தோணல."

கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்க. பேசாதிங்க." உட்கார்ந்தேன். மணி பார்க்கவில்லை. டைரியில் அந்தப் பக்கத்தில் பாதி இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது.

இப்போது எங்கே புறப்பட்டாலும் என் மகளின் ஃபோன் வரும், ஸ்பீக்கரில்: "அப்பா, லிஸ்ட்ல அம்மா எத்தனாவது?"

"முதல்" என்பேன், விறைப்பாக.

சமையலறையிலிருந்து கலாவின் குரல் வரும்: "என் பேர எடுத்துடச் சொல்லுடி. அப்பத்தான் வுட்டுட்டுப் போவாரு."

மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன். சமையலறையிலிருந்து மட்டும் சிரிப்புச் சத்தம் வராது.