பாத்ரூமுக்குப் போன தையல் மிஷின்

வரிக்கணக்கு எழுதித் தரும் ஓர் அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாகத் தட்டச்சு செய்கிறவர் அவர். அந்தத் தகுதியில் தெருவே அவரை 'ஆடிட்டர்' என்று கூப்பிட்டது. அவரும் மறுத்ததில்லை.

அன்று காலை வீட்டு வரியை மதிப்பிட நகராட்சியிலிருந்து அதிகாரி வருவதாகத் தகவல். ஆடிட்டர் உடனே மனக்கணக்குப் போட்டார். முன்னறையில் மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறாள். வீட்டுக்குள் தொழில் நடந்தால் கடை வரி. கடை வரி என்றால் இரண்டு மடங்கு.

"மிஷினை ஒளிச்சு வச்சிடலாம்," என்றார்.

"ஏங்க, இந்த வருஷம் வரியில ஏதோ மாத்தி..."

"வரி விஷயத்துல நீ வாயே திறக்கக் கூடாது. எல்லாம் நான் பேசிக்கிறேன்."

"சரிங்க."

அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே கிடையாது. அப்போதாவது அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

இரும்புக் கால் வைத்த மிஷின். முக்கி முனகி அதைப் பாத்ரூமில் சேர்த்து, மேலே ஈரத்துண்டைப் போர்த்தினார். சீருடைகள் கட்டிலுக்கடியில் போயின. நிமிர்ந்தபோது இடுப்பு மட்டும் நிமிர மறுத்தது.

அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட ஓர் அம்மா.

"இங்க தையல் தொழில் நடக்குதா?"

"தையலா? இந்த வீட்ல ஊசியே கிடையாது மேடம்."

"அப்ப முழு வரிதான்," என்று அந்த அம்மா ஃபைலை மூடினார். "ஆலை ரெண்டு மூடி நிறைய பேருக்கு வேலை போயிடுச்சு. அதனால வீட்டுலயே தொழில் செய்றவங்களுக்கு இந்த வருஷத்துலருந்து பாதி வரி. உங்க வீட்லருந்துகூட மனு வந்துச்சு."

ஆடிட்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். சொன்ன சொல் தட்டாதவள்.

"இப்ப பேசலாமாங்க?"

"பேசு."

"மனு நான்தான் போட்டேன். சட்டைக் கை அளவு வெட்டப் பழைய பேப்பர் எடுத்தேன். அதுல அறிவிப்பு இருந்துச்சு."

"மிஷின் எங்க?" என்றார் அதிகாரி.

"குளிக்கப் போயிருக்கு மேடம்," என்றார் ஆடிட்டர். வேறென்ன சொல்வது?

மறுபடி தூக்கினார். பழைய மூலையை நோக்கி நகர்ந்தவரை அவள் மறித்தாள்.

"அங்க வேண்டாங்க. ஜன்னலோரம் வைங்க. வெளிச்சம் வேணும்."

ஜன்னலோரம் அவருடைய சாய்வு நாற்காலி இருந்தது. நாலு வருஷமாக அவள் கேட்டு, அவர் விட்டுக்கொடுக்காத இடம். அதிகாரி பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்காலி பாத்ரூம் வாசலுக்குக் குடிபோனது.

"கடைசியா ஒண்ணு," என்றார் அதிகாரி. "சம்பளத்துக்கு ஆள் வச்சிருந்தா சலுகை கிடையாது. உங்ககிட்ட வேலைக்கு யாராவது இருக்காங்களா?"

வியர்த்துக்கொட்டி நின்றவரை மனைவி கைகாட்டினாள்.

"இவர் ஒருத்தர்தான். சம்பளம் கிடையாதுங்க."

அதிகாரி அப்படியே எழுதி அவரிடம் நீட்டினார். "திருத்தம் ஏதாவது இருக்கா சார்?"

ஆடிட்டர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.