ஈசாக்கு என்ற பெயரால் வந்த விவகாரம்

என்றும் என் மரியாதைக்குரிய அக்காவுக்கு,

சாவிக்கடைத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, பத்து நாள் வயதான உன் மருமகன் மூவரும் சௌகரியம். அங்கே உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைக்கு ஈசாக்கு என்றுதான் பெயர் வைக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்குப் பகீரென்றது. கல்யாணமாகி இருபது வருடம் கழித்து, நாற்பத்தைந்து வயதில் அவள் உண்டாகியிருப்பதாக டாக்டர் சொன்னபோது, தலை சுற்றி நாற்காலியிலிருந்தே விழுந்தவன் நான். அதை உனக்குப் போனில் சொன்னால் நீ என்ன செய்தாய்? "டேய், இந்த வயசுலயா!" என்று கேட்டு மூச்சு முட்டச் சிரித்தாய். அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள், காதில் விழாமலா இருந்திருக்கும்? அன்றிலிருந்து முகம் கடுகடுவென்று இருக்கிறது. உன் மேல் உள்ள கோபத்தில் என்னிடம்கூடச் சரியாகப் பேசுவதில்லை. அவள் தட்டை மேசையில் வைக்கிற சத்தத்தில் என் சாவி வெட்டும் மெஷினே தோற்றுவிடும். நீ போன் பண்ணியபோதெல்லாம் "தூங்குறா அக்கா", "குளிக்கிறா அக்கா" என்று நான்தான் சமாளித்தேன்.

பெயரில் ஏதோ குத்தல் இருக்கிறது என்று போதகரிடம் ஓடினேன். அவர் பீரோ சாவியைத் தொலைத்துவிட்டு நின்றார். நான் பூட்டை நெம்பிக்கொண்டே கேட்க, அவர் விளக்கினார். எபிரேய மொழியில் அது யித்ஸ்காக்காம், 'அவன் சிரிப்பான்' என்று பொருளாம். பைபிளில் வரும் ஈசாக்கின் அப்பா, பிள்ளை பிறக்கும் என்று கேட்டதும், நூறு வயதை நெருங்கிய அந்தக் கிழவர் முகங்குப்புற விழுந்து சிரித்தாராம். பிறகு கூடாரத்துக்குள் நின்ற அவர் மனைவி, அந்தக் கிழவியும் சிரித்தாளாம். மாட்டிக்கொண்டதும் "சிரிக்கவே இல்லை" என்று சாதித்தாளாம். கடவுள் விடுவாரா? "இல்லை, சிரித்தாய்" என்றாராம். அந்தச் சிரிப்பே பிள்ளைக்குப் பெயராகிவிட்டது. இதைச் சொல்லிவிட்டுப் போதகர் ஏன் என்னையே பார்த்தார் என்று தெரியவில்லை.

ஆக, இது உனக்கு வைக்கிற குட்டு. அவனைக் கூப்பிடும்போதெல்லாம் உன் சிரிப்புதான் ஞாபகம் வரும். ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கிறோம், தயவுசெய்து அதற்குள் வந்து அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு. எனக்கு இருப்பது ஒரே அக்கா. நீ இல்லாமல் அவனுக்குப் பெயர் வைக்க எனக்கு மனசே வரவில்லை.

அத்தானுக்கு வணக்கமும், உன் முழங்கால்களுக்கு நீண்ட ஆயுளும் வேண்டி முடிக்கும்,
உன் தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அவள் வாங்கிப் படித்துவிட்டாள். "அண்ணி சிரிச்சாங்களா? எனக்குத் தெரியவே தெரியாதே! இத்தனை மாசமா ஒரு போன்கூடப் பண்ணலையேன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்" என்கிறாள். கோபமெல்லாம் என் மேல்தானாம். டாக்டர் முன்னால் நான் தலை சுற்றி விழவில்லையாம், சிரித்துச் சிரித்து விழுந்தேனாம், நர்ஸ்தான் தூக்கி உட்கார வைத்தாராம். மன்னிப்பெல்லாம் வேண்டாம் அக்கா, நீ வந்தால் போதும். பெயர் ஈசாக்குதான். "நான் சிரிக்கவே இல்லை" என்று சாதித்துப் பார்த்தேன். "இல்ல, சிரிச்சீங்க" என்றாள். சொல்லும்போதே, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, அவளும் சிரித்துவிட்டாள்.