இரண்டாய்ப் பிளந்த ஊஞ்சல் பலகை

ஒரு தப்பை மறைக்க மூளை வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தச் சரக்கு கொஞ்சம் குறைச்சலாக இருந்ததால், முதுகைக் கொடுத்தேன்.

எழுபதுகளின் நடுவில், மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தேக்குப் பலகை தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு அங்குல கனம். குடும்பத்தில் கல்யாணம் வந்தால் மட்டும் இறங்கி ஊஞ்சலாகும். மற்ற நாளில் பல்லிகளுக்குக் கட்டில். எனக்கோ அப்போது ரெக்கார்ட் பிளேயருக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்யும் பைத்தியம். பலகையைக் கனத்தில் இரண்டாகப் பிளந்தால் மேல் பாதி பரணுக்கு, கீழ் பாதி பெட்டிக்கு. (பௌதிகம் படித்தவன் போட்ட திட்டம் இது.)

அப்பா ஆபீஸ் போன சமயம் பார்த்து, மந்தைவெளியில் ஒரு மர அறுவை மில்லுக்கு அதைக் கொண்டுபோனேன். அங்கே பெரிய சக்கரங்களின் மேல் ரிப்பன் போல ஓடும் பேண்ட்சா ரம்பம். மில்காரர் பாய், பலகையின் விளிம்பில் கோடு கிழித்து அதை நிமிர்த்தி வைத்தார். அவருடைய ஆள் சாப்பிடப் போயிருந்ததால், மறுமுனையை என்னையே பிடிக்கச் சொன்னார். ரம்பம் தேக்கில் இறங்கியதும் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், யானைக்குப் பல் பிடுங்குவது போல. பாதி வழியில் பலகையை உதறிவிட்டுப் பின்னால் தாவினேன். பலகை கோணிக்கொள்ள, ரம்பம் கோட்டை விட்டு விலகி, தன் இஷ்டத்துக்கு ஒரு வளைவு போட்டுவிட்டு வெளியே வந்தது.

"இன்னா நைனா, பலகய புடின்னா பாம்ப புடிச்சா மாரி உட்டுட்டியே" என்றார் பாய்.

கீழ் பாதி நடுவில் தொப்பை வைத்திருந்தது. மேல் பாதி நடுவில் அப்பளம். அப்பளத்தைப் பரணில் ஏற்றிவிட்டு, தொப்பையைத் துண்டு போட்டுப் பெட்டி செய்தேன்.

அந்தப் பெட்டியில் நாலு பாட்டு ஒழுங்காகக் கேட்பதற்குள் அக்கா வசந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை அடையாறு. உருவத்தில் கிட்டத்தட்ட பீரோ. "நம்மாத்துப் பலகைலதான் அவ உக்காரணும்" என்றார் அப்பா.

பலகையை மண்டபத்துக்குத் தூக்கிப் போனது, கட்டியது, மேலே ஜமக்காளத்தை இழுத்து மூடியது எல்லாம் நானேதான். வேறு யாரையும் தொட விடவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அப்பாவிடம் போனேன். அவர் சம்பந்தியிடம், "எல்லாத்தையும் இவன்தான் இழுத்துப் போட்டுண்டு செய்யறான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

ஊஞ்சலில் இருவரும் உட்கார்ந்தார்கள். பலகை நடுவில் தொட்டிலாகக் குழிந்து, க்ரீச் என்றது. அக்காவின் இடுப்பு முறிவது, மாப்பிள்ளை வீட்டார் மூட்டை கட்டுவது எல்லாம் எனக்குப் படமாக ஓடியது. அடுத்த நிமிஷம் நான் நாலு காலில், ஊஞ்சலுக்கு அடியில், பலகையை முதுகில் தாங்கிக்கொண்டிருந்தேன். மேலே பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பாலும் பழமும் கொண்டுவந்த மாமி ஒருத்தி குனிந்து, "ஏண்டா அம்பி, அடியில என்ன தேடறே?" என்றாள்.

"மோதிரம்" என்றேன். (யாரும் எதையும் தொலைக்கவில்லை. ஆனாலும் பாதி சபை விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டது.)

மாப்பிள்ளை நல்ல மனிதர். தாமும் தேடலாமென்று முன்னால் குனிந்தார். பலகை முறிகிறது என்று நினைத்து, முதுகால் ஓங்கி ஒரு முட்டு முட்டினேன். பின்பக்கம் எகிறியது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஜமக்காளத்தோடு வழுக்கித் தரையில் உட்கார்ந்தார்கள். பால் முழுக்க மாப்பிள்ளை தலையில். பலகையின் அடிப்பக்கம், மெருகில்லாத மஞ்சள் நிறத்தில், ரம்பம் போட்ட வரி வரியான கீறல்களோடு பின்னால் இருந்த சபையைப் பார்த்து நின்றது.

யாருக்கும் அடியில்லை. பலகை முறியவேயில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்பா கிட்டே வந்து அந்தக் கீறல்களை விரலால் தடவினார். நாலு சாத்து சாத்தியிருந்தால் தேவலை. அக்காதான் தரையில் உட்கார்ந்தபடியே, "பெட்டி தேக்கான்னு அன்னிக்கே கேட்டேனேடா" என்றாள். தலையைத் துடைத்துக்கொண்டே அத்திம்பேர் எனக்கு 'கூர்மாவதாரம்' என்று பெயர் வைத்தார். அதுதான் இன்றுவரை என் பெயர்.

சமீபத்தில் அக்காவின் பெண்ணுக்குக் கல்யாணம். புது மாப்பிள்ளை ஊஞ்சலில் உட்காருமுன் ஒரு கணம் தயங்கினார். குனிந்து அடியில் பார்த்துவிட்டு, அப்புறம்தான் உட்கார்ந்தார். என்னை அவருக்கு இன்னும் யாரும் அறிமுகம்கூடச் செய்து வைத்திருக்கவில்லை.