எட்டாவது வார்டு எலி

எல்லைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எல்லைச்சாமியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சாமி காவல் காக்கும். இவர் கை காட்டுவார். நகராட்சி இருக்கிற ஊரிலெல்லாம் இருக்கிறார். நான் சொல்லும் ஊருக்குப் பெயர் வேண்டாம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும்போது பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்துகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவரை அடையாளம் காண்பது எளிது. சாக்கடை அடைத்து, கறுப்புத் தண்ணீர் வாசற்படி ஏறி, கொசு முகத்தை மொய்த்து, கரப்பான் சோற்றுப்பானை மூடிமேல் உலாத்தி, கடைசியில் தெருவே கூடிக் கூச்சல் போட்டால் வருவார். மூக்கில் கைக்குட்டை. சாக்கடைக்குள் பார்க்க மாட்டார். இந்தக் கோடியைப் பார்ப்பார், அந்தக் கோடியைப் பார்ப்பார். பிறகு கேட்பார்: "இது எந்த வார்டு?"

வைத்தியம் முடிந்தது.

தென்னரசுவின் வீடு ஏழாவது வார்டு. கொல்லையில் ஓடாமல் நிற்கும் கால்வாய் எட்டாவது வார்டு. பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவி பிரபாவதி திண்டிவனத்தில் இருந்தாள். மூன்றாம் மாதம் பிள்ளையோடு வர வேண்டும். புதிதாகக் கட்டி வைத்த தூளியை எலி கடித்துக் குதறியிருந்தது. தென்னரசு மனுவோடு ஓடினான். ஏழாவது வார்டின் துப்புரவு மேற்பார்வையாளர் விருத்தாசலம், நம் இனத்தின் உத்தமமான மாதிரி, மனுவைப் பிரிக்காமலே விசாரித்தார்.

"எலி எங்கிருந்து வருது?"

"கால்வாயிலேர்ந்துங்க."

"அப்ப அது எட்டாவது வார்டு எலி. அங்க போய்க் குடு."

எட்டாவது வார்டுக்காரரும் லேசுப்பட்டவர் அல்ல. "உன் ஊட்லதான கடிச்சிது? கடிச்ச எடத்ததான் பாக்கணும். ஏழுக்குப் போ."

தென்னரசு போனில் இதை ஒப்பித்தான்.

"எலி எந்த வார்டுன்னு தெரிஞ்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றாள் பிரபாவதி. "கொயந்தை காலு எந்த வார்டுன்னு கேட்டுச் சொல்லு. அப்புறம் வர்றேன்."

இவர்கள் வேலையே செய்வதில்லை என்று சொன்னால் பாவம். ஒருநாள் ஏழாவது வார்டு ஆட்கள் வந்து சேற்றை வாரி எட்டாவது கரையில் குவித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். மறுவாரம் எட்டாவது வார்டு ஆட்கள் அதே சேற்றை ஏழாவது கரைக்கு மாற்றினார்கள். போட்டோ எடுத்தார்கள். மழை வந்தது. அதற்கு வார்டு தெரியாது. மொத்தத்தையும் உள்ளே இறக்கிவிட்டுப் போனது. கோப்பில் கால்வாய் இரண்டு முறை தூர்வாரப்பட்டிருக்கிறது.

மூன்றாம் மாதம் போயிற்று. நாலில் பிள்ளையை அழைத்து வர மாட்டார்கள், ஒற்றைப்படைதான் வழக்கம். இனி ஐந்து.

தென்னரசு மசால்வடை வைத்துப் பொறி வைத்தான். பெருச்சாளிக்குத் தம்பி போல ஒன்று விழுந்தது. கொல்லக் கை வரவில்லை, பிள்ளையார் வாகனம். பொறியைக் கோணியில் சுற்றிக்கொண்டு, விடிந்ததும் எட்டாவது வார்டை நோக்கி நடந்தான். கால்வாய்ப் பாலத்தில் எதிரே கெங்கம்மாள், அந்த வார்டில் இட்லிக்கடை வைத்திருப்பவள். அவள் கையில் ஒரு பை. பை அசைந்தது.

"இன்னாக்கா பையில?"

"உன் கோணியில இருக்கறதுதான். வெலகு, ஜல்தி போவணும்."

"எங்க வார்டுல உடப் போறியா?"

"நீ மட்டும் என் கடைக்கு மாலை எடுத்துக்கினு வர்றியா?"

இருவரும் ஒதுங்கி ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். அவரவர் வேலை முடிந்தது. அடுத்த வாரமும் இருவருக்கும் வேலை இருந்தது.

ஐந்தாம் மாதமும் முடிந்தது. பிள்ளை குப்புறக் கவிழ்ந்ததைத் தென்னரசு செல்போனில் பார்த்தான்.

விருத்தாசலத்தை நினைத்துப் பல்லைக் கடிக்கிறீர்கள். கடியுங்கள், தகும். ஆனால் இன்று காலை வாசல் பெருக்கினீர்களே, குப்பையை யார் வாசல்வரை தள்ளிவிட்டு விளக்குமாற்றை நிறுத்தினீர்கள்?