கடைசி நான்கு நிமிடம்

இன்னும் சரியாக இருபத்தாறு மணி நேரம் இருந்தது. அதற்குள் டி.வி.யைக் கெடுத்தாக வேண்டும் என்று சந்திரமௌலி மொட்டை மாடியில் ஆன்டெனா கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

வியாழன் ஏழரை மணி நாடகம் நாளையோடு முடிகிறது. டெலிபோனுக்கு விண்ணப்பித்துவிட்டு ஒரு வருஷமாகக் காத்திருக்கும் குமாஸ்தாவின் கதை. அது ஓடும் அரை மணி நேரம் மயிலாப்பூர்த் தெருக்களில் மாடுகள் மட்டும்தான் நடக்கும்.

மார்ச்சில் அவர் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றதும் புருஷனும் பெண்டாட்டியும் எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டார்கள். முடிவுகளை வாங்கி வந்தவள் நீரஜா. "ஏன்னா, ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லையாம்" என்றாள். அதன் பிறகு செவ்வாய்தோறும் லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். ஒருநாள் பஸ்ஸிலிருந்து அவர் பார்த்துவிட்டார். அடையாறில், ஒரு புற்றுநோய் டாக்டரின் போர்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

அவர் கேட்கவில்லை. அவளாக மறைப்பதை எப்படிக் கேட்பது?

பிறகு ஒரு சாயங்காலம் விளக்கேற்றிக்கொண்டே சொன்னாள்: "இந்த நாடகம் முடியறவரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து பாத்துட்டா போறும்னா. அதுக்கு மேல கபாலியை ஒண்ணும் கேக்க மாட்டேன்."

விளக்கு வைக்கும் நேரத்தில் எதைச் சொன்னாலும் தேவதைகள் 'ததாஸ்து' சொல்லிவிடும், அப்படியே நடந்துவிடும். முப்பத்தோரு வருஷம் பௌதிகம் நடத்தியவர் இதைக் கேட்டு எத்தனையோ முறை சிரித்திருக்கிறார். இப்போது சிரிப்பு வரவில்லை. அவள் முடிவைப் பார்க்காவிட்டால் நாடகம் முடிந்ததாகாது. தேவதைகளிடமிருந்து தப்ப அவர் கண்டுபிடித்த ஒரே சந்து அதுதான்.

ஆன்டெனாவைச் சைதாப்பேட்டைப் பக்கம் திருப்பிவிட்டு இறங்கினார்.

"ஏன்னா, ஓடி வாங்கோ!" என்று நீரஜா கூவினாள். "பத்து வருஷமா புள்ளி புள்ளியா விழுந்துது. இப்போ நியூஸ் வாசிக்கறவளோட தோடு கூடத் தெரியறது!"

மறுநாள் மாலை மாடிப்படிக்குக் கீழே இருந்த ஃப்யூஸ் ஒன்றைத் தம் வீட்டினுடையது என்று பிடுங்கி, வேஷ்டி மடிப்பில் செருகிக்கொண்டார். மேலே வந்தால் மின்விசிறி சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னாலேயே கீழ்வீட்டு ஹாஜிரா பீயும் மகள் சகினாவும் பாயோடு வந்து நின்றார்கள்.

"எங்க வூட்ல மட்டும் கரண்ட் பூட்ச்சு மாமா. இங்க குந்திப் பாக்கலாமா? இன்னிக்குக் கடைசி நாளாச்சே."

"இதென்ன கேள்வி, உள்ள வாங்கோ" என்றாள் நீரஜா.

மணி ஏழு இருபது.

"நீரஜா, கோயிலுக்குப் போயிட்டு வரலாமா?"

"நீங்களா? கல்யாணமான நாள்லேர்ந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு வராத மனுஷர், இன்னிக்கு ஏழரை மணிக்கா?" சிரித்தாள். சிரித்த கண்ணே கலங்கியது. "பேசாம பக்கத்துல உக்காருங்கோன்னா."

உட்கார்ந்தார். குமாஸ்தாவுக்கு டெலிபோன் வந்துவிட்டது. ஆனால் கூப்பிடுவதற்கு அவனுக்கு ஒருவர் நம்பரும் தெரியவில்லை. சகினா பாயில் உருண்டு சிரித்தாள். நீரஜா திரையைப் பார்க்கவே இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு ஐம்பத்தாறு. குமாஸ்தா வீட்டு டெலிபோன் முதல்முறையாக மணியடித்தது.

சந்திரமௌலி பாய்ந்துபோய் டி.வி.யை அணைத்தார். வேகத்தில் குமிழ் கையோடு வந்துவிட்டது.

"தாத்தா! யாரு பேசுறாங்கன்னே தெரியலியே!" என்று அலறினாள் சகினா.

"இது ஒண்ணுதானேன்னா கேட்டேன்" என்றாள் நீரஜா. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

ஹாஜிரா பீ அவரை வாசலுக்குக் கூப்பிட்டாள். "இன்னா மாமா இது? மாமி எவ்ளோ ஆசையா இருந்தாங்கோ."

"முடியக் கூடாதும்மா." கையோடு வந்த குமிழைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முடிஞ்சா அவ போயிடுவா. அடையாறு டாக்டர்கிட்ட போறது எனக்குத் தெரியும். உங்கிட்டயாவது சொல்லியிருப்பாளே? அவளுக்கு இன்னும் எத்தனை நாள்னு மட்டும் சொல்லு."

ஹாஜிரா பீ சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முக்காட்டு நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மாமிக்கு ஒண்ணுமே இல்ல மாமா" என்றாள். "அவங்க டாக்டராண்ட எடுத்துக்கினு போறது உங்க ரிப்போர்ட்டு."