மடியில் இரைந்த டிவி

பயமே இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. அவர்கள் யாரும் பழைய டிவியை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் காலைவரைக்கும் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கள்ளக்குறிச்சியில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவள் நான். வீட்டுக்காரர் போன பிறகு "இது பொம்பள பாக்குற தொழிலா" என்று கேட்டவர்கள் எல்லாம் இன்றைக்குத் தங்கள் வீட்டுப் பழைய சாமானை என் கடைக்குத்தான் கொண்டுவருகிறார்கள். படிப்பு மூன்றாவதோடு நின்றுபோனது. அதனால் என்ன? ஒரு டிவியைத் தூக்கிப் பார்த்தால் போதும், உள்ளே செம்புச் சுருள் இருக்கிறதா, எவனாவது பிடுங்கிவிட்டானா என்று சொல்லிவிடுவேன். தராசு பொய் சொல்லும், என் கை சொல்லாது. (இந்த வாக்கியத்தை அப்போது நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று என் மருமகளைக் கேட்டால், சொல்லாதவர்களை எண்ணுவது சுலபம் என்பாள்.)

மாவட்டம் பிரிந்த புதிது. கொரோனா கொஞ்சம் தணிந்திருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மறியல் நடந்துகொண்டிருந்தது. எந்த ரோடு எப்போது அடைபடும் என்று பஸ் டிரைவருக்கே தெரியாது. அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனித் தம்பி ஒருவர் என் கடைக்கு வந்தார். கெட்டுப்போன கம்ப்யூட்டர், செல்போன், டிவி இதையெல்லாம் வாங்கி முறையாகப் பிரிக்கிற கம்பெனி.

"ஒலகம் பூரா இதாம்மா இப்ப பெரிய தொழிலு" என்றார். "வாங்குற வேகத்துலயே தூக்கிப் போட்டுர்றாங்க. பாத்தா குப்பை. பிரிச்சா செம்பு, வெள்ளி, துளித்துளியா தங்கம். மாவட்டத்துக்கு ஒருத்தர் சேத்துக் குடுத்தா போதும். ஆனா டிவி டியூப்பு ஒடையாம முழுசா வரணும். அந்தக் கண்ணாடியில ஈயம் கீதும்மா. ஒடைஞ்சா மண்ணும் கெடும், தண்ணியும் கெடும்."

முதல் லோடு சரியாக இருந்தால் ஏஜென்சி எனக்கு. இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரருக்கு. லாரி வரும் வியாழக்கிழமை மத்தியானம்.

சென்னையில் இருக்கும் என் மகன் பாலு போனில் கறாராகச் சொல்லிவிட்டான். "ஏஜென்சி கெடைச்சா கடைய நடத்தும்மா, நான் இன்னா சொல்லப் போறேன். கெடைக்கலன்னா பூட்டிட்டு இங்க வந்துடு. இந்த வயசுல இரும்பு தூக்கிக்கினு கெடக்காத."

அவன் வீட்டுக்குப் போயிருக்கிறேன். மூன்றாவது மாடி. சன்னலுக்கு எதிரே இன்னொரு சன்னல். அந்தச் சன்னலில் என்னைப் போலவே ஒரு கிழவி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் போல ஆகிவிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். சரி என்று பாலுவிடம் ஒப்புக்கொண்டேன். தோற்றுப்போவோம் என்று நினைத்தவள் அப்படி ஒப்புக்கொள்வாளா?

சமவெளியில் முழு டிவி கிடைக்கவில்லை. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கலர் டிவி வீட்டுக்கு வீடு இருந்ததுதான். கெட்டுப்போனதும் சுருளுக்காக உடைத்துத் தள்ளிவிட்டார்கள். முழுசாக இருப்பது கல்வராயன் மலையில்தான். புதன்கிழமையே பிளாஸ்டிக் குடமும் நாற்காலியும் ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டியில் மலை ஏறினோம். ஓட்டியது என் அண்ணன் மகன் சேகர். பழைய டிவிக்குப் புதுக் குடம் என்றதும் நல்ல வரத்து. இரவு அங்கேயே தங்கிவிட்டு, விடிந்ததும் இறங்கும்போது வெள்ளிமலையைத் தாண்டி ஒரு தனி வீட்டின் பின்பக்கம் இன்னொரு டிவி கண்ணில் பட்டது.

தூக்கிப் பார்த்தேன். என் ஆயுசில் அப்படி ஒரு கனமான டிவியைத் தூக்கியதில்லை. உள்ளே இரட்டைச் சுருள் இருக்கிறது என்று என் கை சொன்னது.

வீட்டுக்காரப் பெண் பொன்னி ஓடிவந்தாள். "யம்மா, அது வந்து..."

"தெரியும்" என்றேன்.

"இல்லங்க, அதுக்கு உள்ள..."

"உள்ள இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும்மா. எத்தினி வருசமா இந்தத் தொழில்ல கீறேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தெரிஞ்சா சரிங்க. நாங்க கிட்டப் போறதுக்கே யோசிப்போம். வெயிலு ஏறதுக்குள்ள எறக்கிடுங்க." சொல்லிவிட்டு ஒரு ஈரச் சாக்கைக் கொண்டுவந்து டிவியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். மலைக்காரர்களுக்குத்தான் பொருள் மேல் என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் இரண்டு குடமும் ஒரு நாற்காலியும் கொடுத்தேன். அந்த டிவியைப் பின்னால் மற்றதோடு போட மனசு வரவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

மலை இறங்கிக் கச்சிராயபாளையத்தைத் தாண்டினோம். ஏரிக்கரை மேல் போகிற ரோட்டில் ஒரு வேப்பமரத்தைக் குறுக்கே சாய்த்துப் போட்டிருந்தார்கள். மரத்துக்கு இந்தப் பக்கம் மறியல்காரர்கள், நிறைய இளவட்டங்கள். அந்தப் பக்கம் போலீஸ் ஜீப்பும் வேனும். மறியல்காரர்களுக்கு நடுவில் மாட்டியது ஒரு பஸ், ஒரு கரும்பு டிராக்டர், நாங்கள்.

சேகர் எஞ்சினை நிறுத்தினான். "அத்த, எறங்காத. கல்லு கில்லு வந்தா கீழ குனிஞ்சிக்க."

"டிவிய மடியில வெச்சிக்கினு எப்படிடா குனியறது?"

"அப்ப டிவிக்குப் பின்னால ஒளிஞ்சிக்க."

வெயில் ஏறியது. மத்தியானம் லாரி வந்துவிடும். பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர் சாமான்களை அடுக்கி வைத்துக்கொண்டு சிரிப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. அவருக்குப் பின்னால் அந்தச் சன்னல் கிழவியும் தெரிந்தாள்.

இரண்டு பையன்கள் வண்டியைச் சுற்றி வந்தார்கள். ஒருவன் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, "டேய், அத்தனையும் டிவிடா. எறக்கி மரத்து மேல அடுக்குனா நல்லா செவுரு மாதிரி நிக்கும்" என்றான்.

நான் சன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். "தம்பி, தொடாதப்பா. ஒடைஞ்சா என் பொழப்பு போயிடும்."

"நாங்களும் பொழப்புக்காகத்தான் ஆயா ஒக்காந்துகினு கீறோம்."

நரைத்த மீசைக்காரர் ஒருவர் வந்தார். அவர்தான் அங்கே தலைவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. "ஆயா சாமான எவனும் தொடாத. நம்ம புள்ளைங்க படிப்புக்காக வந்தோம், டிவி ஒடைக்கவா வந்தோம்?" என்று அதட்டினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கை இறங்குவதற்குள் மடியில் ஏதோ அதிர்ந்தது.

"அத்த, போன் அடிக்குதா?" என்றான் சேகர்.

"இல்லியே."

"பின்ன இன்னா சத்தம்?"

காதைக் கொடுத்தேன். "டிவிடா."

"ஒயரே கெடையாதே அத்த."

எங்கள் தொழிலில் ஒரு பயம் உண்டு. டிவி செத்தாலும் டியூப்புக்குள் கரண்டு சாகாது, ஆள் வரும்வரை பதுங்கிக் கிடக்கும் என்பார்கள். எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒருவர் திருப்புளியை வைத்ததும் சுவரைத் தாண்டிப் போய் விழுந்தார் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். சின்ன டிவிக்கே அப்படியென்றால், இரட்டைச் சுருள் டிவி என்னை எங்கே கொண்டுபோய்ப் போடும்? கையை எடுத்தால் வெடிக்குமோ, எடுக்காவிட்டால் இழுக்குமோ என்று தெரியவில்லை. தொடை நடுங்கியது. தொடை நடுங்கியதில் டிவி நடுங்கியது. டிவி நடுங்கியதில் சத்தம் கூடியது. ம்ம்ம்ம் என்று ஒரே ராகம். அங்காளம்மாவிலிருந்து ஆரம்பித்து எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். தெரியாத சாமியையும் கூப்பிட்டேன்.

"சேகரு, எறங்கி இந்தப் பக்கம் வந்து வாங்கிக்கடா."

"அத்த, உனக்கு மவன் ஒருத்தன் கீறான். எனக்குச் சின்னச் சின்னதா மூணு." சொல்லிக்கொண்டே அவன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கிவிட்டான்.

சத்தத்தைக் கேட்டு மறியல்காரர்கள் பின்வாங்கினார்கள். அவர்கள் பின்வாங்குவதைப் பார்த்து, மரத்தைத் தாண்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் வந்தார். தூரத்திலேயே நின்று, "ஏம்மா, அதுல இன்னா கீது?" என்று கேட்டார்.

"டிவிங்க."

"டிவி ஏன் உறுமுது?"

என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னேன். "தெரியலீங்க."

"எல்லாரும் தள்ளிப் போங்க" என்று அவர் கத்தினார். என்னைப் பார்த்து, "நீங்க மட்டும் அசையாதீங்க" என்றார். எல்லாரும் தள்ளிப் போனார்கள். ரோட்டில் நானும் டிவியும்தான். செத்தால் கூட யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

செவுரு கட்டுவோம் என்று சொன்ன அதே பையன்தான் திரும்பி வந்தான். "ஆயாவ அப்படியே வுட்டுட்டு நிக்கிறீங்களே, அசிங்கமா இல்ல?" என்று இரண்டு பக்கத்தையும் திட்டிவிட்டு, டிவியை மெள்ளத் தூக்கி ரோட்டில் வைத்தான். காய்ந்துபோயிருந்த சாக்கு அவிழ்ந்து விழுந்தது. டிவியின் முதுகு ஓட்டை வழியாக ஒரே ஒரு தேனீ வெளியே வந்தது. அவன் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. அவன் இரண்டு கண்ணாலும் அதையே பார்த்தான்.

"ஆயா" என்றான் மெதுவாக. "இது கரண்டு இல்ல."

அதற்குப் பிறகு வந்ததை எண்ண முடியாது.

யார் முதலில் ஓடியது என்று எனக்குத் தெரியாது. கொட்டு விழுந்த பிறகு போலீஸ் எது, மறியல் எது என்று தேனீ பார்க்கவில்லை. லத்தி பிடித்தவர்கள், கொடி பிடித்தவர்கள், பஸ் கண்டக்டர் எல்லாரும் ஒரே திசையில் ஓடி ஏரியில் விழுந்தார்கள். நான் முழங்கால் வலிக்காரி. அன்றைக்கு எனக்கு முழங்காலே இல்லை. புடவையோடு விழுந்து முங்கினேன். மழைக்காலம் முடிந்து நிறைந்திருந்த ஏரி, மார்கழிக் குளிர். மூச்சு முட்டித் தலையைத் தூக்கினால், பக்கத்தில் இன்ஸ்பெக்டர் தலை. அதற்கு அடுத்து நரைத்த மீசை.

"ஏம்மா, நீங்க எந்தப் பக்கம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் பழைய இரும்புக் கடைங்க."

முங்கினோம். எழுந்தோம். மீசைக்காரர் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, "சார், எங்க கோரிக்கைய அப்புறம் பேசிக்கலாம்" என்றார். "மொதல்ல இந்தம்மாவ அனுப்பிடுவோம்."

"அதுல எங்களுக்கும் ஆட்சேபணை இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர்.

அன்றைக்கு அந்த ஏரிக்கரையில் இரண்டு தரப்பும் ஒத்துப்போனது அது ஒன்றில்தான். தேனீக்கள் கடைசியில் கூட்டமாகப் போய்ப் போலீஸ் ஜீப்பின் கண்ணாடி ஓரத்தில் தொங்கின. அவை அசையாமல் இருக்கும்போதே, கரையேறிய ஆட்கள் சத்தம் காட்டாமல் மரத்தை ஒரு பக்கம் இழுத்து எங்களுக்கு வழிவிட்டார்கள். அந்தப் பையன் சாக்கை மறுபடியும் சுற்றி டிவியைப் பின்னால் ஏற்றினான். அவன் மூக்கு கத்தரிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. "பத்தரமா போ ஆயா" என்றான். கும்பிட மட்டும்தான் முடிந்தது. கொட்டு வாங்கி உதடு இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன.

சேகருக்கு ஒரு கண் அடைத்துவிட்டது. "அத்த, வலது பக்கம் ஏதாச்சும் வந்தா நீ சொல்லு." எனக்கு இரண்டும் பாதிதான் திறந்திருந்தன என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. பயத்தைப் பங்கு போட அன்றைக்கு இடமில்லை.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது லாரி நின்றிருந்தது. கம்பெனித் தம்பி நேரே என்னிடம் வந்து, "பாட்டி, கடைக்காரம்மா இன்னும் வரலீங்களா?" என்று கேட்டார். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சேகர் சொன்னான். அவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார்.

பிறகு ஒவ்வொரு டிவியாக இறக்கிப் பார்த்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றிலும் கீறல் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்காரர் கொடுத்ததில் பாதிக்கு மேல் டியூப்பு விரிசல் என்று அவரே சொன்னார். கடைசியாகச் சாக்குக் கட்டிய டிவியைத் தூக்கினார்.

"நல்ல கனமா கீதே" என்று முதுகைக் கழற்றினார். உள்ளே டியூப்பைச் சுற்றி அடை அடையாகத் தேன். சொட்டிக்கொண்டிருந்தது. செம்புச் சுருளா? அது எப்போதோ யாரோ பிடுங்கிக்கொண்டு போன இடத்தில்தான் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன.

அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "இதுக்கு எங்க கம்பெனில கோடு நம்பர் கெடையாதும்மா" என்றார்.

ஏஜென்சி எனக்குத்தான் வந்தது. கடையை இன்றைக்கும் நான்தான் திறக்கிறேன். ஆனால் அந்தத் தம்பி சும்மா இருக்கவில்லை. டிவியைத் தூக்குவதற்கு முன்னால் காதை வைத்துக் கேட்க வேண்டும் என்று கம்பெனியில் ஒரு விதியே போட்டுவிட்டார்கள். வேறு மாவட்டத்துக்காரர்கள் காரணம் கேட்டால், கள்ளக்குறிச்சி அம்மாவிடம் போய்க் கேளுங்கள் என்கிறார்களாம்.

பாலு வீட்டில் இன்னும் மோசம். அரிசி மூட்டை வந்தாலும், கேஸ் சிலிண்டர் வந்தாலும் மருமகள் முதலில் குனிந்து காதை வைக்கிறாள். போன வருஷம் அவளுக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் துணி சுற்றி நர்ஸ் கொண்டுவந்து நீட்டினாள். நான் ஆசையாக இரண்டு கையையும் நீட்டினேன். பாலு குறுக்கே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"மொதல்ல காத வெச்சிக் கேளும்மா. அப்புறமா தூக்கு."

நர்ஸ் உட்பட எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள். வேறு வழியில்லை. குனிந்து, கேட்டுவிட்டுத்தான் தூக்கினேன்.